‘வாத்தியார் பார்த்துப்பார்’ என்கிற வீட்டாருக்கு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் வரப்போகும் மாதங்களில் கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ கிரகப்பிரவேசமோ திவசமோ வைத்திருக்கும் எல்லோருக்கும்,



மண்டபம் பார்த்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. புடவைக்கும் வேட்டிக்கும் தி.நகர் கடைகளில் ஏறி இறங்கியாயிற்று. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, ருசி பார்த்து, விலை பேசித்தான் முடிவு செய்தீர்கள். முகூர்த்தச் சாப்பாட்டில் என்ன பாயசம் என்பதற்கே வீட்டில் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். ஆனால் “மேடையில் என்ன நடக்கப்போகிறது? நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?” என்று யாராவது கேட்டால், வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அதை வாத்தியார் பார்த்துப்பார்.”

அந்தப் பதில் என்னை வருத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

நம் வீட்டுப் பேச்சை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். பெண்ணும் பிள்ளையும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் பண்ணிக் கொடுக்கிறார்கள். வாத்தியார் பண்ணி வைக்கிறார். பண்ணுவது என்ற வினை மூவருக்கும் பொது. பின்னால் வந்து ஒட்டும் சின்னச் சொல்தான் யாருக்கு என்ன பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. ‘கொள்’ வந்தால் பலன் தனக்கு. ‘கொடு’ வந்தால் அடுத்தவருக்கு. ‘வை’ வந்தால், செய்யவேண்டியவர் வேறொருவர். அவர் செய்யும்படி பக்கத்தில் இருந்து, எடுத்துக் கொடுத்து, குறைவில்லாமல் நிறைவேற்றுகிறவர் இவர். தர்ப்பணமும் அப்படித்தான். பிள்ளை பண்ணுகிறான், வாத்தியார் பண்ணி வைக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுப் பேசமாட்டாள்.

இது இன்றைக்கு வந்த பாகுபாடும் இல்லை. தொல்காப்பிய உரைகாரர்கள் அந்தணர்க்குரிய ஆறு தொழில்களைச் சொல்லும்போது ஓதலும் ஓதுவித்தலும் வேறு, வேட்டலும் வேட்பித்தலும் வேறு என்று தனித்தனியாக எண்ணுகிறார்கள். தனக்காக வேள்வி செய்வது வேட்டல். பிறரை வேள்வி செய்யவைப்பது வேட்பித்தல். மணம் செய்துகொள்வதற்கும் ‘வேட்டல்’ என்ற அதே சொல்தான் நம் பழந்தமிழில். வடமொழி இலக்கணக்காரர்களும் பலன் தனக்கா பிறருக்கா என்பதைப் பொறுத்து வினையின் விகுதியை மாற்றினார்கள்; அதற்கு அவர்கள் காட்டிய உதாரணமும் வேள்விதான். தனக்காகச் செய்கிறவன் ‘யஜதே’. கூலி வாங்கிக்கொண்டு அவனுக்காகச் செய்கிற புரோகிதனுக்கு ‘யஜதி’. அந்த ‘யஜதே’க்கு உரியவனே யஜமானன். அந்தச் சொல் தமிழுக்கு வந்து ‘எஜமான்’ ஆனபோது, செய்கிறவன் என்ற பொருள் உதிர்ந்துபோய், சம்பளம் கொடுக்கிறவன் என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு நம் மேடைகளிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மண்டபத்தை விட்டு வெளியே வருகிறவர்களிடம் கேளுங்கள். “வாத்தியார் ரொம்ப நன்னாப் பண்ணினார்.” “இழுக்காம சட்டுனு முடிச்சுக் குடுத்துட்டார்.” பண்ணி வைத்தவர் பண்ணினவராகிவிட்டார். பண்ணவேண்டிய நீங்கள் பார்க்கிறவராகிவிட்டீர்கள். மனையில் உட்கார்ந்தபடியே “பூக்காரன் வந்துட்டானா பாரு” என்று தம்பிக்குச் சைகை காட்டுகிறீர்கள். உதடு அசைகிறது, மனசு பந்தியில் இருக்கிறது. சமையல்காரரிடம் ஒப்பந்தம் பேசும்போதே “வாத்தியாரையும் நீங்களே ஏற்பாடு பண்ணிடுங்கோ” என்று சேர்த்து முடித்துவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் கல்யாணத்தன்று காலையில்தான் அவர் முகத்தையே முதல்முதலாகப் பார்க்கிறார்கள்.

நாம் அவரை அழைக்கும் பெயரை நினைத்துப் பாருங்கள். வாத்தியார். உபாத்தியாயர் என்பதுதான் தேய்ந்து வாத்தியார் ஆனது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவருக்கும் நம் வீட்டில் ஹோமம் வளர்க்கிறவருக்கும் தமிழில் ஒரே பெயர். சொல்லிக் கொடுக்கிறவர் என்று பெயர் வைத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அனுப்புகிறோம்.

மஹாளய அமாவாசை காலையில் கபாலீசுவரர் கோயில் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு சாஸ்திரிகளுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் வேலைக்குப் போகிற அவசரத்தில் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் மடித்து வைத்திருப்பார்கள். விரலில் பவித்திரம், தாம்பாளத்தில் தர்ப்பை, எள், சொம்பில் தண்ணீர். “அவாவா கோத்ரம் சொல்லிக்கோங்கோ. அப்பா பேர் சொல்லிக்கோங்கோ” என்று அவர் குரல் கொடுக்கும்போது எல்லா வாயும் அசையும். தாத்தா பேரும் வந்துவிடும். கொள்ளுத் தாத்தாவில் சத்தம் குறையும். அப்பா வழி, அம்மா வழி என்று மூன்று மூன்று தலைமுறை. அவர்களின் மனைவிமாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெயர்கள் வேண்டும். அம்மாவின் அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர் என்று வரும்போது, வரிசையில் ஒரு அமைதி விழும். ஒருவர் கையில் எள்ளோடு இன்னொரு கையால் மொபைலை எடுத்து நங்கநல்லூரிலோ கும்பகோணத்திலோ இருக்கும் பெரியம்மாவைக் கூப்பிடுவார். மற்றவர்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுவார்கள்.

மந்திரத்தை வாத்தியார் எடுத்துக் கொடுப்பார். எந்த விரல்களுக்கு இடையே நீர் விழவேண்டும் என்று காட்டுவார். பூணூலை இடம் மாற்றச் சொல்வார். அந்தப் பாட்டியின் பெயரை மட்டும் அவரால் எடுத்துக் கொடுக்க முடியாது. அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் பெரியம்மாவோடு அது போய்விட்டால் எந்தச் சாஸ்திரிகளும் அதை மீட்டுத் தரமாட்டார். இந்தப் பன்னிரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பூஜை அலமாரியில் வையுங்கள் என்று வாத்தியார்கள் சொல்லாத அமாவாசை கிடையாது. எத்தனை வீட்டில் அந்தத் தாள் இருக்கிறது?

எந்தக் காரியமானாலும் தொடக்கத்தில் சங்கல்பம் உண்டு. எந்த ஆண்டு, எந்த அயனம், எந்த ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று நீளமாகப் போகும் அதில் கடைசியில் வருகிற சொல் ‘கரிஷ்யே’. ‘நான் செய்யப்போகிறேன்’ என்று பொருள். நான் மேலே சொன்ன, பலன் தனக்கு என்று காட்டும் அதே விகுதி. வாத்தியார் தன் வாயால் அதைச் சொல்வது உங்களுக்கு எடுத்துக் கொடுப்பதற்காக மட்டுமே. சொல்லவேண்டியவர் நீங்கள். கற்றுக்கொள்ள வேறெதற்கும் நேரமில்லை என்றால், இந்த ஒரு சொல்லையாவது பொருள் தெரிந்து, குரல் வெளியே வரும்படி சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு “வாத்தியார் பார்த்துப்பார்” என்று சொல்ல உங்களுக்கே வாய் வராது.

கல்யாணத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் முகூர்த்த நேரம் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கெட்டிமேளம், தாலி, அட்சதை. அட்சதை போட்ட கை காயுமுன் கூட்டம் பந்தியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெண்ணின் கையைப் பிள்ளை பிடிப்பதும், அக்கினிக்குப் பக்கத்தில் ஏழு அடி எடுத்து வைப்பதும், அம்மி மிதிப்பதும், பொரியிடுவதும் காலி நாற்காலிகளுக்கு எதிரே நடக்கின்றன. மேடையில் மிச்சம் இருப்பவர் வாத்தியாரும் வீடியோக்காரரும். அவர்களில் அதிகாரம் செலுத்துகிறவர் வீடியோக்காரர். “சார், காலை இன்னொரு தடவை எடுத்து வைங்க, லைட் சரியா விழலை” என்கிறார். வாத்தியார் மந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கிறார். பிள்ளை மறுபடி அடி எடுத்து வைக்கிறான். பெண்ணுக்கு அது எத்தனையாவது அடி என்று தெரியாது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் ஏழாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஏழு அடி வைக்கும் சப்தபதி வழக்கமுள்ள குடும்பங்களில் திருமணம் முழுமையாகி இருவரையும் கட்டுப்படுத்துவது ஏழாவது அடி வைக்கப்படும்போதுதான் என்கிறது. 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், திருமணம் என்பது ஆட்டம் பாட்டத்துக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சியல்ல, உரிய சடங்கு நடக்காத இடத்தில் பதிவுச் சான்றிதழ் மட்டும் திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று சொன்னது. சாஸ்திரமும் சட்டமும் ஒருசேர முக்கியம் என்று சொல்கிற அந்தச் சில நிமிஷங்களில், பெற்ற அப்பா கூடத்தின் வாசலில் நின்று “சாப்டுட்டுப் போங்கோ” என்று விருந்தாளிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அச்சடித்த பத்திரிகையில் “முன்னிருந்து நடத்தித் தருமாறு” என்று எழுதி அழைத்தது அந்த விருந்தாளிகளைத்தான். அவர்கள் முன்னால் இருக்கவேண்டிய வேளையில் நீங்களே எழுப்பிப் பந்திக்கு அனுப்பினால் எதை நடத்தித் தருவார்கள்?

சுயமரியாதைத் திருமண வீட்டாரே, இந்த மடல் உங்களுக்கும் சேர்த்துத்தான். 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணத்திலிருந்து தொடங்கிய வழி உங்களுடையது. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் அதே இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, 1968 ஜனவரியிலிருந்து 7-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. அந்தப் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இருவரும் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக, இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது அறிவித்தாலே போதும் என்கிறது. புரிகிற மொழியில், இருவரும். பெண்ணின் வாய்க்கு அங்கே பிள்ளையின் வாய்க்கு உள்ள அதே இடம். சப்தபதியில் பிள்ளைதான் பேசுகிறான், பெண் நடக்கிறாள். அந்த வகையில் உங்கள் வழி எங்கள் வீட்டுக் கல்யாணங்களைத் தாண்டி முன்னே நிற்கிறது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். அந்த 7-ஏ பிரிவில் ‘தலைமை’ என்று ஒருவர் கிடையவே கிடையாது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் என்றுதான் இருக்கிறது. வழக்கறிஞர்கள் நண்பர் அல்லது உறவினர் என்ற முறையில் இத்தகைய திருமணத்துக்கு முன்னிலை வகிக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அடிப்படை அதுதான். இப்போது உங்கள் மேடைகளில் என்ன நடக்கிறது? தலைமை தாங்குகிறவர் வரும்வரை மணமக்கள் காத்திருக்கிறார்கள். அவர் வந்ததும் மாலையும் பொன்னாடையும் முதலில் அவருக்கு. அவர் அரசியல் நிலவரம் பேசுகிறார். பேச்சு முடியும்வரை மணமக்கள் நிற்கிறார்கள். உறுதிமொழியை அவரே வாசிக்க, அவர்கள் தலையை அசைக்கிறார்கள். மறுநாள் செய்தியில் “திருமணத்தை நடத்தி வைத்தார்” என்று அவர் படம். புரோகிதர் இருந்த இடத்தைக் காலி செய்யப் புறப்பட்டவர்கள் அதே இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டார்கள். வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் ஒப்பந்தக்காரர் இருவரும் முதலில் பேசவேண்டாமா?

நம் பக்கத்துத் தெருக்களிலேயே பாருங்கள். சாந்தோம் பேராலயத்திலோ லஸ் கோயிலிலோ நடக்கும் திருமணத்தில், கத்தோலிக்க இறையியலின்படி, அந்த அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் சாட்சியாக நின்று ஆசி வழங்குகிறார். நிக்காஹ்வில் காஜியார் கேட்கிறார். ஒரு பக்கம் முன்மொழிவதும் மறுபக்கம் ஏற்பதும்தான் திருமணம். அங்கெல்லாம் முன்னால் நிற்கிறவரின் வேலை மற்றவரைச் செய்யவைப்பது. நாம் மட்டும் அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டு எழுந்துவருகிறோம்.

“சமஸ்கிருதம் எங்களுக்குத் தெரியாதே” என்பீர்கள். தெரியவேண்டாம். 1906 முதல் சம்ஸ்கிருதக் கல்லூரி நடக்கிற ஊர் இது. மாட வீதிக் கடைகளில் கல்யாண மந்திரங்களுக்குத் தமிழில் பொருளோடு சின்னப் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஏழு அடிக்கு ஏழு வேண்டுதல்: உணவு, வலிமை என்று தொடங்கி நட்பில் முடிகிறது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். “கேட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வார்” என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: நான் பேசிப் பார்த்த சாஸ்திரிகளில் பெரும்பாலோர் யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள். பத்து வயசில் பாடசாலைக்குப் போய், வருஷக்கணக்கில் அத்தியயனம் பண்ணினவர் அவர். அவரிடம் நீங்கள் கேட்கிற ஒரே கேள்வி “எத்தனை மணிக்கு முடியும்?” என்பதாக இருந்தால், அவர் மனசு என்ன பாடுபடும்? சுருக்கச் சொல்லிச் சுருக்கச் சொல்லி நாம்தான் அவரை வேகமாக ஓடவைத்தோம். இப்போது அவர் ஓடுகிறார் என்று குறை சொல்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் திவசத்தன்று நியூஜெர்சியிலோ சிட்னியிலோ உட்கார்ந்து, மயிலாப்பூர் வாத்தியாரைத் திரையில் பார்த்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வாய்விட்டுச் சொல்லி, உங்கள் கையால் எள்ளும் நீரும் விட்டால், தூரம் இருந்தாலும் அவர் பண்ணி வைக்கிறார், நீங்கள் பண்ணுகிறீர்கள். பணத்தை அனுப்பிவிட்டு “நீங்களே பண்ணிடுங்கோ மாமா, எனக்கு மீட்டிங் இருக்கு” என்று சொன்னால் அங்கே பண்ணுகிறவர் யாருமே இல்லை. செய்யப் பிடிக்கவில்லை, நம்பிக்கை இல்லை என்றால் செய்யாமல் இருங்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். செய்வதாக இருந்தால் நீங்கள் செய்யுங்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாத்தியாரை வீட்டுக்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்துக்கும் சம்பாவனை கொடுங்கள். அது அவர் உழைப்பு. பெண்ணும் பிள்ளையும், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உடன் இருக்கட்டும். கன்னிகாதானத்தில் அப்பா என்ன சொல்லப்போகிறார், கையைப் பிடிக்கும்போது பிள்ளை என்ன சொல்லப்போகிறான், ஏழு அடியில் என்ன வேண்டப்போகிறார்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பெண் வாய் திறந்து கேட்கட்டும். அவளுக்குச் சம்மதமில்லாத வரி ஏதாவது இருந்தால் அதையும் அங்கேயே பேசிவிடட்டும். பந்தியை ஏழாவது அடிக்குப் பிறகு தொடங்கச் சொல்லி சமையல்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். சப்தபதி முடியும்வரை மேடையில் வாத்தியார் சொல்வதுதான் நடக்கவேண்டும் என்று வீடியோக்காரரிடமும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சுயமரியாதைத் திருமணம் நடத்துகிறவர்கள், உறுதிமொழியை மணமக்களையே எழுதவைத்து, எந்தத் தலைவர் பேசுவதற்கும் முன்னால் அவர்களையே ஒலிபெருக்கியில் சொல்லவையுங்கள். அமாவாசைக்கு உட்காருகிற வீடுகளில் அந்தப் பன்னிரண்டு பெயர்களை இந்த வாரமே, அத்தை, பெரியம்மா, சித்தப்பா என்று எல்லோரையும் கேட்டு எழுதி முடியுங்கள்.

தை பிறந்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு மூன்று முகூர்த்தம் என்று எல்லா வாத்தியார்களும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு, “மாமா, எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் வரணும்” என்று கேட்டு, அந்தத் தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மயிலைவாசி ஒருத்தி